தன்னார்வ நாடகக் குழு ஒரு செவ்வியல் நாடகத்தை மேடையேற்றுவது எப்படி: நடிகர்களுக்கான முழு வழிகாட்டி

செவ்வியல் நாடகம் போடலாம் என்று முடிவானதும் பெரும்பாலான குழுக்கள் உடையையும் செட்டையும் பற்றித்தான் முதலில் கவலைப்படும். நாடகம் படுத்துவிடுவதற்கு அவை காரணமாவது அபூர்வம். பத்தாவது நிமிடத்தில் யாருக்கு யார் என்ன உறவு, எதற்காக இந்தச் சண்டை என்று பார்வையாளருக்குப் பிடிபடவில்லையென்றால், அதற்குப் பிறகு எவ்வளவு நன்றாக நடித்தாலும் மீட்க முடியாது. நடிகர்கள் மூன்று மாதம் அந்தப் பிரதியோடு புழங்கியிருப்பார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் ஒரே ஒருமுறை கேட்கிறார், திருப்பிக் கேட்க அவருக்கு வழியில்லை. கீழே உள்ள வேலைகள் எல்லாம் அந்த ஒருமுறை கேட்பவருக்காகத்தான்.

பிரதி: உரிமை, மொழிபெயர்ப்பு, வெட்டு

பழங்காலக் கிரேக்க நாடகாசிரியரான சோஃபோக்ளீஸுக்கும், ஷேக்ஸ்பியருக்கும் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் கையில் வைத்திருக்கும் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. நாட்டுக்கு நாடு கணக்கு மாறும். மொழிபெயர்ப்பாளர் இறந்து 50 முதல் 70 ஆண்டுகள் வரை உரிமை நீடிப்பது பொதுவான நடைமுறை. நடிகர் தேர்வுக்கு முன்பே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வசனத்தை வெட்டவும் மாற்றவும் அனுமதி உண்டா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

மொழிபெயர்ப்பைக் கண்ணால் படித்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். இரண்டு மூன்று மொழிபெயர்ப்புகளில் ஒரே காட்சியை எடுத்து, உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு மூச்சில் சொல்ல முடியாத வாக்கியங்கள் பக்கத்துக்குப் பக்கம் வந்தால் அது வாசிப்பதற்கான பிரதி, மேடைக்கு ஆகாது. மூலத்தில் உள்ள நடை வேறுபாடு மொழிபெயர்ப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஷேக்ஸ்பியரின் மெக்பெத்தில் பெரும்பகுதி செய்யுள். வாயில்காப்போன் காட்சியும், லேடி மெக்பெத் தூக்கத்தில் நடக்கும் காட்சியும் உரைநடை. எல்லோரும் ஒரே செந்தமிழில் பேசும் பிரதியில் அந்த இறக்கம் காணாமல் போய்விடும்.

அடுத்தது நீளம். ஹாம்லெட் சுமார் 4,000 வரிகள். வெட்டாமல் போட்டால் ஏறத்தாழ நான்கு மணி நேரம். மெக்பெத் சுமார் 2,100 வரிதான். தன்னார்வக் குழுவுக்கு இடைவேளை தவிர்த்து இரண்டு மணி நேரம் நல்ல எல்லை. மேசையில் உட்கார்ந்து உரக்கப் படித்து நேரம் எடுங்கள். மேடையில் நடை, சண்டை, காட்சி மாற்றம் எல்லாம் சேர்வதால் அந்த நேரத்தோடு கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

வெட்டும்போது முழுக்காட்சிகளைத் தூக்குவதைவிட நீண்ட பேச்சுகளுக்குள்ளே நான்கு வரி, ஆறு வரி என்று எடுப்பது நல்லது. ஒரே கருத்துக்கு மூன்று உவமை வந்தால் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு யாருக்கும் தெரியாத புராணப் பெயர்களை எடுக்கலாம். உறவையும் பெயரையும் முதன்முறை சொல்லும் வரியை மட்டும் ஒருபோதும் தொடாதீர்கள். மெக்பெத்தில் சூனியக்காரிகளின் தலைவியான ஹெகட்டி வரும் மூன்றாம் அங்கத்தின் ஐந்தாம் காட்சியை எடுத்துவிட்டால் கதைக்கு ஒன்றும் ஆகாது; அது ஷேக்ஸ்பியர் காலத்து இன்னொரு நாடகாசிரியரான தாமஸ் மிடில்டன் சேர்த்தது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதை வெட்டினால் நான்காம் அங்கத்தில் அவள் எட்டிப்பார்க்கும் இடத்தையும் சேர்த்து வெட்ட வேண்டும். மாறாக, வாயில்காப்போன் காட்சி சும்மா சிரிப்புக்குத்தானே என்று கை வைக்கும் குழு, உடைமாற்றும் அறையில்தான் தன் தவறை உணரும். டங்கன் அரசரைக் கொன்ற பிறகு மெக்பெத் கை கழுவி உடை மாற்றி வருவதற்கு நாடகம் கொடுக்கும் நேரமே அந்தக் காட்சிதான்.

வெட்டி முடித்ததும் வரிகளுக்கு எண் போட்டு, எல்லோருக்கும் ஒரே பக்க எண் உள்ள அச்சுப்பிரதி கொடுங்கள், மேல் மூலையில் தேதியோடு. இரண்டு பதிப்புகள் புழங்கினால் ஒத்திகையில் பாதி நேரம் பக்கம் தேடுவதிலேயே போய்விடும்.

வரவுப் பட்டியல்

இது ஒரு நாள் வேலை. அடுத்த மூன்று மாதத்தையும் காப்பாற்றும். யாராவது மேடைக்குள் வந்தாலோ வெளியேறினாலோ அங்கே ஒரு துண்டு முடிந்து புதிய துண்டு தொடங்குகிறது என்று வைத்து, நாடகம் முழுவதையும் பிரியுங்கள். துண்டுகளை மேலே வரிசையாக எழுதுங்கள், பாத்திரங்களை இடப்பக்கம் எழுதுங்கள். யார் எந்தத் துண்டில் இருக்கிறார் என்று கட்டத்தில் குறியுங்கள். பேசாமல் நிற்பவருக்கு வேறு குறி.

எந்த நாள் யாரை அழைப்பது என்பது இதிலிருந்து தெரியும். வேலைக்குப் போய்விட்டு வரும் ஒருவரைக் கூப்பிட்டு இரண்டு மணி நேரம் சும்மா உட்கார வைத்தால் மூன்றாம் வாரம் அவர் வரமாட்டார். சோஃபோக்ளீஸின் ஆன்டிகனி நாடகத்தில் காதலர்களான ஆன்டிகனியும் ஹேமோனும் மேடையில் ஒருமுறைகூடச் சந்திப்பதில்லை. பட்டியல் போட்டால்தான் அது கண்ணில் படும், இருவரையும் வெவ்வேறு நாள் அழைக்கலாம்.

ஒருவரே இரண்டு வேடம் போடுவதும் இதை வைத்துத்தான். கிரேக்க சோகநாடகங்களில் பேசும் பாத்திரங்கள் அத்தனையையும் மூன்று நடிகர்களே பிரித்துக்கொண்டார்கள், ஆகவே ஆள் குறைவு என்று கூச்சப்பட ஒன்றுமில்லை. மெக்பெத்தில் டங்கன் அரசர் முதல் அங்கத்தோடு மேடையை விட்டுப் போகிறார். ஐந்தாம் அங்கத்து மருத்துவராக அவரே வரலாம். வெளியேறுவதற்கும் அடுத்த வேடத்தில் நுழைவதற்கும் இடையே குறைந்தது மூன்று நிமிடம் இருக்கட்டும். ஒரு வேடத்தில் இறந்தவர் அடுத்த காட்சியிலேயே வேறு வேடத்தில் வந்தால், பார்வையாளர் அவர் இறக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

நடிகர் தேர்வு

இரண்டு நாள் வையுங்கள். முதல் நாள் இரண்டு பக்கக் காட்சி, பத்து நிமிடம் முன்னதாகக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். முதல் வாசிப்பில் அழகாகப் படிப்பவர் நல்ல வாசகர், அவ்வளவுதான் தெரிகிறது. அதே பகுதியை ஒரு மாற்றம் சொல்லித் திரும்பக் கேளுங்கள்: “அவர் நம்பவில்லை என்று உங்களுக்குத் தெரியும், தெரிந்தும் சொல்கிறீர்கள்.” இரண்டாவது வாசிப்பில் எதுவும் மாறாத நடிகர் மூன்று மாதத்திலும் அதிகம் மாறமாட்டார். இரண்டாம் நாள் ஜோடியாகப் படிக்க வையுங்கள். எதிரே இருப்பவர் பேசும்போது யார் கேட்கிறார், யார் தன் அடுத்த வரியைப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். வர முடியாத தேதிகளை அன்றே எழுதி வாங்கிவிடுங்கள்.

பன்னிரண்டு வாரம்

வாரம் மூன்று மாலை, ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம்: மொத்தம் 90 மணி நேரம். இரண்டு மணி நேர நாடகத்துக்கு இது போதும், ஆனால் வீணாக்க மிச்சமில்லை. முதல் இரண்டு வாரம் மேசை வாசிப்பு. மூன்று முதல் ஐந்து வரை பிளாக்கிங், அதாவது மேடையில் யார் எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்று வகுப்பது. ஆறாம் வார இறுதியில் கையில் பிரதி இருக்கக் கூடாது. ஏழு முதல் ஒன்பது வரை காட்சி காட்சியாக வேலை. சண்டையும் வேக உடைமாற்றமும் இங்கேதான். பத்தாவது வாரம் முழு நாடகம் நிற்காமல் ஓட வேண்டும், எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும். பதினொன்றில் ஒளி, ஒலி. பன்னிரண்டில் முழு உடையுடன் இரண்டு ஒத்திகை, பிறகு மேடை.

எந்தக் குழுவிலும் கடைசி அங்கத்துக்குத்தான் ஒத்திகை குறைவாகக் கிடைக்கும், எப்போதும் முதலிலிருந்தே தொடங்குவதால். ஏழாம் வாரத்திலிருந்து வாரத்தில் ஒரு நாளாவது கடைசி அங்கத்தில் தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள்.

மேசை வாசிப்பு

பலர் ஒரே நாளில் முடித்துவிட்டு எழுந்து நடக்க ஆசைப்படும் கட்டம் இது. செவ்வியல் நாடகத்தில் இதைச் சுருக்கினால், ஒன்பதாம் வாரத்தில் ஒரு நடிகர் “இந்த வரிக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்பார். அதுவரை அவர் வெறும் ஓசையைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஒவ்வொரு நடிகரும் தன் வசனம் ஒவ்வொன்றையும் முதலில் பிரதியில் உள்ளபடி படித்து, உடனே வீட்டில் பேசும் தமிழில் சொல்ல வேண்டும். சுருக்கம் வேண்டாம், வரிக்கு வரி. எங்கே தடுமாறுகிறாரோ அங்கே பொருள் புரியவில்லை. அங்கே நின்று அகராதியையும் இன்னொரு மொழிபெயர்ப்பையும் பாருங்கள்.

அடுத்து ஒவ்வொரு துண்டிலும் தன் பாத்திரம் எதிரே உள்ளவரிடமிருந்து என்ன வேண்டுகிறது என்று ஒரே வினைச்சொல்லில் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள்: கெஞ்ச, மிரட்ட, ஒளிக்க, சோதிக்க. “கோபமாக”, “சோகமாக” என்று எழுதியிருந்தால் அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். கோபத்தை நடிக்கப் போனால் குரல் ஒரே உயரத்தில் நின்றுவிடும். மிரட்டப் போனால், எதிராளி பயப்படாதபோது வழியை மாற்றியாக வேண்டும். நடிப்பு அங்கே தொடங்குகிறது.

பேச்சு

தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. மூச்சு தீரும் இடமும் அதுதான். “உன் அண்ணனின் உடலை நான் புதைக்க…” என்று கம்பீரமாகத் தொடங்கி, “விடுவேன்”, “விடமாட்டேன்” என்பது வாய்க்குள் போய்விட்டால் நாடகத்தின் பிரச்சினையே பார்வையாளருக்குப் போய்ச் சேராது. தன்னார்வ மேடைகளில் அதிகம் காணும் குறை இது. மருந்து எளிது: வசனத்தைச் சொல்லிக்கொண்டே நடங்கள், ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லிலும் சுவரை உள்ளங்கையால் அழுத்துங்கள். இரண்டு வாரத்தில் பழக்கமாகிவிடும்.

பழைய நடையில் எழுதிய பிரதியில் புணர்ச்சியைப் பிரித்துச் சொல்லுங்கள். “யானறியேனிதனை” என்று தாளில் இருக்கலாம். காதுக்கு “யான் அறியேன் இதனை” என்றுதான் போக வேண்டும். ஒலி, ஒளி, ஒழி மூன்றும் ஒன்றுபோலக் கேட்டால் வாக்கியமே தலைகீழாகும். ஒரு நடிகருக்கு ழகரம் வரவில்லையென்றால் முதல் வாரத்திலேயே தினம் ஐந்து நிமிடம் பயிற்சி கொடுங்கள், கடைசி வாரத்தில் சொல்லி அவரைக் கலங்கடிக்காதீர்கள்.

நீண்ட பேச்சுகளில், நிறுத்தக்குறி வரும் இடத்திலெல்லாம் நடக்கும் திசையை மாற்றி ஒருமுறை முழுதும் சொல்லிப்பாருங்கள். எண்ணம் எங்கே திரும்புகிறது என்று கால் காட்டிக்கொடுக்கும். பிறகு ஓரிடத்தில் நின்று சொன்னாலும் அந்தத் திருப்பங்கள் குரலில் இருக்கும்.

கிரேக்க நாடகங்களில் கூட்டாக வசனம் சொல்லும் குழுவான கோரஸுக்குத் தனி உழைப்பு தேவை. மூலத்தில் பன்னிரண்டு, பின்னர் பதினைந்து பேர் இருந்தார்கள். உங்களுக்கு ஐந்து முதல் ஏழு பேர் போதும். எல்லா வரியையும் எல்லோரும் சேர்ந்து சொன்னால் ஒரு சொல்லும் விளங்காது. நீண்ட வரிகளைத் தனிக் குரல்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, ஆறேழு சொல்லுக்கு மேற்படாத வரிகளை மட்டும் சேர்ந்து சொல்லுங்கள். மூச்சைத் தொடங்கி வைக்க ஒருவர், அவரைப் பார்த்தே மற்றவர்கள். முதலில் கிசுகிசுப்பாகப் பழகினால் மெய்யெழுத்துகள் ஒரே நேரத்தில் விழும்.

அரங்கத்துக்குப் போன முதல் நாளே கடைசி வரிசையில் ஒருவரை உட்கார வையுங்கள். காலி அரங்கில் குரல் எதிரொலிக்கும். ஆட்கள் நிறைந்தால் உடலும் உடையும் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். ஒத்திகையில் போதுமென்று தோன்றும் அளவு காட்சியன்று போதாது. அதற்குச் சத்தத்தைக் கூட்ட வேண்டாம், மெய்யெழுத்தைக் கூர்மையாக்குங்கள். ஒவ்வொரு ஒத்திகைக்கு முன்னும் பத்து நிமிடம்: தோள், கழுத்து, தாடை தளர்த்தல், வாய் மூடி முனகல், உதடு அதிர்த்தல், கடைசியாக நாப்பிறழ் வாக்கியங்கள் மெதுவிலிருந்து வேகத்துக்கு.

பிளாக்கிங்

மேடையின் உண்மை அளவை ஒத்திகைக்கூடத் தரையில் ஒட்டுநாடாவால் குறியுங்கள், கதவு, படி, சிம்மாசனம் உட்பட. குறிக்காமல் பழகிய நடிகர் உண்மையான மேடையில் ஏழு அடி எடுக்க வேண்டிய இடத்தில் நான்கு அடியில் நின்றுவிடுவார், வசனம் மிச்சம் இருக்கும். மேடை வலம், இடம் என்பவை பார்வையாளரைப் பார்த்து நிற்கும் நடிகருடைய வலமும் இடமும். முன், நடு, பின் என்று மூன்று, வலம், மையம், இடம் என்று மூன்று: ஒன்பது கட்டம். அசைவுகளைப் பென்சிலில்தான் குறிக்க வேண்டும், பாதி மாறும்.

உங்கள் வசனத்தில் நீங்கள் நகருங்கள். அடுத்தவர் வசனத்தில் நகர்ந்தால் கண் உங்களிடம் வந்துவிடும், அவருடைய வரி தொலையும். மூவர் இருந்தால் நேர்கோட்டில் நிற்காமல் முக்கோணமாக நில்லுங்கள். பேசுபவருக்குப் பின்னால் தள்ளிப் போய் நின்றால், அவர் உங்களோடு பேசப் பார்வையாளருக்கு முதுகைக் காட்ட வேண்டிவரும். அரசவைக் காட்சிகளில் பேசாமல் நிற்கும் ஆறு பேருக்கும் வேலை இருக்கிறது: யார் பேசுகிறாரோ அவரைப் பார்ப்பது. அவர்கள் பார்க்கும் பக்கம்தான் அரங்கம் பார்க்கும்.

வசனம் பாடமாக்குதல்

பிளாக்கிங் முடிந்த காட்சியை அன்றிரவே தொடங்குங்கள். அசைவும் வசனமும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

1. கியூவோடு சேர்த்துப் படியுங்கள். உங்கள் வரியை மட்டும் தெரிந்து வைத்திருப்பவர் தனக்கு எப்போது முறை வரும் என்று தெரியாமல் விழிப்பார். கியூ என்பது உங்களுக்கு முன் பேசுபவரின் கடைசி மூன்று நான்கு சொற்கள். ஆனால் உங்களைப் பேச வைக்கும் சொல் அதற்கு முன்பே வந்திருக்கலாம். அதை வட்டமிடுங்கள், மூச்சை அங்கே எடுங்கள்.
2. முதலில் உணர்ச்சியில்லாமல், தட்டையாக, வேகமாகச் சொல்லுங்கள். ராகத்தோடு மனப்பாடம் செய்தால் அந்த ராகம் ஒட்டிக்கொண்டு இயக்குநர் என்ன சொன்னாலும் போகாது.
3. பேச்சின் ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் எழுத்தை மட்டும் ஒரு தாளில் எழுதி, அதைப் பார்த்துச் சொல்லுங்கள். சரிபார்க்க எளிது.
4. எதிர்ப்பாத்திரத்தின் வரிகளைக் கைப்பேசியில் பதிந்து, உங்களுக்கு இடைவெளி விட்டு, நடந்துகொண்டே பதில் சொல்லுங்கள்.
5. தூங்கப் போகும் முன் ஒருமுறை, எழுந்ததும் பிரதியைப் பார்க்காமல் ஒருமுறை.

பிரதி கீழே வைத்த முதல் வாரம் நாடகம் பின்னால் போனதுபோல் இருக்கும். அது இயல்பு, யாரும் பதறி மறுபடி தாளை எடுக்கக் கூடாது. மறந்தால் இருந்த இடத்திலேயே, பாத்திரத்தை விடாமல், “வசனம்” என்று மட்டும் கேட்க வேண்டும். மன்னிப்பும் கேட்க வேண்டாம், விளக்கமும் வேண்டாம். ப்ராம்ப்ட் செய்பவர், அதாவது பிரதியைப் பார்த்து எடுத்துக்கொடுப்பவர், மறந்த வரியின் முதல் மூன்று சொல் கொடுப்பார். தவறாகச் சொல்லும் வரிகளை அவர் குறித்து ஒத்திகை முடிவில் அவரவருக்குச் சீட்டாகக் கொடுக்கட்டும். ஒன்பதாம் வாரத்திலிருந்து ப்ராம்ப்ட் கிடையாது: சிக்கியவர்களை மேடையில் உள்ளவர்களே மீட்க வேண்டும். இதற்கென்றே ஒரு மாலை, வேண்டுமென்று ஒருவர் ஒரு பக்கத்தைத் தாண்டிக் குதிக்க, மற்றவர்கள் நாடகத்தை இழுத்துப் பிடித்துப் பழகுங்கள்.

வேகம் பற்றி ஒரு கணக்கு. 900 பேச்சுகள் உள்ள நாடகத்தில் ஒவ்வொன்றுக்கும் முன் அரை நொடித் தயக்கம் என்றால் ஏழரை நிமிடம் வெறும் காற்று. நாடகம் இழுக்கிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். வசனத்தை வேகமாகச் சொல்லத் தேவையில்லை; இடைவெளியை மூடினால் போதும்.

சண்டை

இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. கூர்மழுங்கிய மேடை வாள் மட்டுமே; அலங்கார வாளின் பிடி கழன்று அலகு பறக்கும். பயிற்சி பெற்றவர் அடவை அமைக்கட்டும், அப்படி யாரும் இல்லையென்றால் வாள்சண்டையை மேடைக்கு வெளியே நடத்தி ஒலியாக மட்டும் கேட்க வையுங்கள். ஒவ்வொரு அடிக்கும் முன் கண்ணோடு கண் பார்த்து, எதிரி தயார் என்று உறுதி செய்த பிறகே ஓங்க வேண்டும். கழுத்தை நெரிப்பதிலும் முடியைப் பிடித்து இழுப்பதிலும் அசைவைக் கட்டுப்படுத்துபவர் அடிபடுபவர்தான். பிடிப்பவர் கையில் விசை இருக்கக் கூடாது. எண்ணிக்கை சொல்லிக் கால் வேகத்தில், பிறகு அரை வேகத்தில், கடைசியில் முக்கால் வேகத்தில். மேடைக்கு முக்கால் வேகமே போதும். அதற்கு மேல் கண்ணால் பின்தொடரவும் முடியாது. ஒவ்வொரு காட்சி நாளிலும் கதவு திறக்கும் முன் சண்டையை அரை வேகத்தில் ஒருமுறை ஓட்டாமல் நாடகம் தொடங்கக் கூடாது.

இறந்து கிடப்பவர் மூச்சு தெரியாமல் இருக்க, விழும்போதே முகத்தையும் வயிற்றையும் மேடைப் பின்பக்கம் திருப்பி விழட்டும்.

உடை, பொருள், இரத்தம்

உண்மையான காலணியும் நீண்ட அங்கியும் நான்காம் வாரமே ஒத்திகைக்கு வர வேண்டும். அசல் தயாராகவில்லையென்றால் அதே நீளத்தில் ஒரு பழந்துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். மேலங்கியோடு படியேறுவதும் கிரீடத்தோடு தலை குனிவதும் ஒரே நாளில் வராது. பொருள்களுக்குப் பக்கத்திரைக்குப் பின்னால் ஒரு மேசை. ஒவ்வொன்றின் வடிவத்தையும் கோடு போட்டுப் பெயர் எழுதிவிட்டால் எது காணோம் என்று ஒரே பார்வையில் தெரியும். கடிதம் படிக்கும் காட்சியில் தாளில் முழு வாசகமும் எழுதியிருக்கட்டும், இருந்தும் மனப்பாடம் செய்யுங்கள். என்றாவது ஒரு நாள் தாள் மேடைக்கு வராது. தீபத்துக்கு பேட்டரி மெழுகுவர்த்தியே போதும்.

லேடி மெக்பெத் கத்திகளைத் திரும்ப வைக்கப் போய், இரத்தக் கையோடு வருவதற்குள் மெக்பெத்துக்குச் சில வரிகள்தான் இருக்கின்றன. அரை நிமிடம்கூட இல்லை. அந்தப் பக்கத்தில் ஒருவர் இரத்தத் தட்டோடு தயாராக நிற்க வேண்டும். செயற்கை இரத்தத்தை உடைத்துணியின் ஒரு துண்டில் தடவி, துவைத்துப் பார்த்த பிறகே மேடைக்குக் கொண்டுவாருங்கள்.

ஒளி-ஒலி ஒத்திகையும் காட்சி நாட்களும்

முதல் ஒளி-ஒலி ஒத்திகையில் நடிப்பு கிடையாது. ஒரு கியூவிலிருந்து, அதாவது விளக்கோ ஒலியோ மாறும் இடத்திலிருந்து, அடுத்த கியூவுக்குத் தாவுவார்கள். ஒரே நுழைவை ஆறு முறை செய்யச் சொல்வார்கள். பேசாமல் செய்யுங்கள், “நில்லுங்கள்” என்ற குரல் கேட்டால் அந்த இடத்திலேயே நில்லுங்கள். இருட்டில் வெளியேறும் வழியெல்லாம் ஒளிரும் நாடா ஒட்டியிருக்கிறதா என்று நீங்களே நடந்து பாருங்கள். விளக்கு அணைந்ததும் கண் பழகச் சில நொடி ஆகும். அந்த நொடிகளில்தான் படியில் விழுவார்கள்.

காட்சியன்று அழைப்புகளைப் பிரிட்டிஷ் அரங்க வழக்கப்படி வைத்தால் குழப்பமில்லை: “அரை மணி” என்பது திரை விலக 35 நிமிடம் இருக்கும்போது, “கால்” 20 நிமிடத்தில், “ஐந்து” 10 நிமிடத்தில், தொடக்க நடிகர்கள் இடத்துக்கு வருவது 5 நிமிடத்தில். “அரை மணி” அழைப்பில் ஒருவர் இல்லையென்றால் மேடை மேலாளர் உடனே தேடத் தொடங்குவார்.

முழு உடை ஒத்திகைக்குப் பிறகு நடிப்பைப் பற்றிய திருத்தங்களை நிறுத்துங்கள். பாதுகாப்பும் கேட்காத வரிகளும் மட்டும் சொல்லலாம். ஒரு நடிகர் இன்னொரு நடிகருக்குத் திருத்தம் சொல்லவே கூடாது, நட்பில் சொன்னாலும். எல்லாம் இயக்குநர் வழியாகப் போகட்டும். குழுக்கள் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இரண்டாம் காட்சி தொய்வடையும். முதல் நாள் பதற்றம் தந்த கூர்மை போயிருக்கும், எல்லாம் தெரிந்துவிட்ட நினைப்பு வந்திருக்கும். அன்று மாலை அரைமணி முன்னதாக வந்து வட்டமாக உட்கார்ந்து, நாடகத்தின் மிகச் சிக்கலான இரண்டு காட்சிகளை வேகமாக, அசைவில்லாமல் சொல்லி முடியுங்கள். காட்சிகளுக்கு இடையே நான்கு நாளுக்கு மேல் இடைவெளி இருந்தால் முழு நாடகத்தையும் அப்படி ஓட்டுங்கள். ஒவ்வொரு அங்கத்தின் நேரத்தையும் மேடை மேலாளர் தினமும் எழுதி வைக்கட்டும். மூன்றாம் காட்சியில் நான்கு நிமிடம் கூடியிருந்தால் யாரோ மௌனங்களை ரசிக்கத் தொடங்கிவிட்டார்கள். எந்த அங்கத்தில் கூடியது என்று ஏட்டைப் பார்த்து, அந்த அங்கத்து நடிகர்களை மட்டும் அழைத்து, கியூக்களை மறுபடி இறுக்குங்கள்.